“வயிறு நிறைய சாப்பிடுறா, எடை மட்டும் ஏறலை டாக்டர்!”

திருப்பூரில் இருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

சொந்த ஊர் அரியலூர் பக்கம். நான்கு வருடமாகத் திருப்பூரில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். இவருக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, கணவருக்கு நிட்டிங் யூனிட்டில். மூத்த பையனுக்கு 6 வயது. ஊரில் மாமியாரோடு இருந்து அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான். இரண்டரை வயது மகள் மட்டும் இவர்களோடு. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார், மாதம் 1,500 ரூபாய். போன மாதம் வைட்டமின் ஏ மருந்து கொடுக்க வந்த அங்கன்வாடி ஊழியர் குழந்தையை நிறுத்தி அளந்து, “எடை 9.2 கிலோ, உயரம் 82 சென்டிமீட்டர், கைச்சுற்றளவு 13.2. மஞ்சள்ல இருக்கும்மா, சென்டருக்குக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. “எங்க வம்சமே ஒல்லிதான்” என்கிறார் கணவர். கம்பெனியில் கூட வேலை செய்யும் ஒருவர் 1,850 ரூபாய்க்கு ஒரு புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தவணையில் தருவதாகச் சொல்கிறார். ரேஷன் கார்டு ஊரில் இருப்பதால் இங்கே அங்கன்வாடியில் சேர்க்க மாட்டார்கள் என்று வாசகி நினைக்கிறார். அதோடு, “அதெல்லாம் ரொம்ப இல்லாதவங்களுக்குத்தானே டாக்டர்?” என்றும் கேட்கிறார். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது, பாமாயில் உடம்புக்கு ஆகாது என்றும் எழுதியிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்பது கடைசிக் கேள்வி. கடிதத்தை மடிக்கும் நேரத்தில் நினைவு வந்ததுபோல ஓரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: “இவருக்கும் ஒரு மாசமா இருமல், பஞ்சு தூசிதான் காரணம்.”

அன்புள்ள வாசகிக்கு,

ஓரத்தில் எழுதிய அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான்.

அந்த இருமல்

இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவருக்கு இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். பஞ்சுத் தூசியாகவே இருக்கலாம், அப்படி இருந்தால் நல்லது. ஆனால் நிட்டிங்கில் வேலை செய்பவருக்குக் காசநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. ஒரே அறையில் நான்கடி தள்ளிப் படுக்கும் குழந்தைக்கு அது தொற்றினால், பெரியவர்களைப் போல் சளியும் ரத்தமுமாக வெளியே காட்டாது. பல குழந்தைகளுக்குத் தெரிகிற ஒரே அறிகுறி எடை ஏறாமல் நிற்பதுதான். நீங்கள் எதை ஊட்டினாலும் அது வேலை செய்யாது.

அதனால் இந்த வாரமே அவரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பரிசோதனைக்குக் காசு கிடையாது. ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதி. இருக்கிறது என்று வந்தால் மருந்து இலவசம். சிகிச்சை முடியும்வரை நோயாளியின் சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன்னால் அது 500 ரூபாய். உங்கள் மகளையும் பரிசோதித்து, நோய் இல்லாவிட்டாலும் வராமல் தடுக்கும் மாத்திரை கொடுப்பார்கள். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. நோயாளியின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் அவ்வளவு நெருக்கம். அவர் சம்பள நாளைக் காரணம் சொல்வார். விடாதீர்கள்.

மஞ்சள் என்றால் என்ன

சரி, இப்போது மகள். இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் நடு எடை 12.7 கிலோ. 10 கிலோவுக்குக் கீழே இறங்கினால் மஞ்சள், 9 கிலோவை ஒட்டி இருக்கும் கோட்டுக்கும் கீழே போனால் சிவப்பு. உங்கள் மகள் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு ஒரு கைப்பிடி மேலே நிற்கிறாள். உயரம் குறைந்தது 83.6 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், அதிலும் கொஞ்சம் குறைவு.

ஆனால் கைச்சுற்றளவு 13.2 என்பது நல்ல செய்தி. அது 11.5-க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, நான் இப்படிப் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருப்பேன். இந்த மூன்று அளவையும் சேர்த்துப் பார்த்தால், போன மாதம் காய்ச்சலில் கரைந்த உடம்பாகத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அந்தக் குறைவு உயரத்திலும் ஏறியிருக்கிறது. அதனால்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எடை குறைந்த குழந்தை உயரத்திலும் குறைந்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு அளவாக, அழகாகத்தான் தெரியும். “ஒன்றரை வயசா?” என்று யாராவது கேட்கும்போதுதான் உறைக்கும்.

உங்கள் கணவரின் வம்சக் கதைக்கு வருகிறேன். நானும் தினம் கேட்கிற கதைதான். அந்த அட்டவணையை வெள்ளைக்காரக் குழந்தைகளை மட்டும் அளந்து போடவில்லை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்த குழந்தைகளை அளந்து போட்டது. நம் நாட்டில் டெல்லியில் அளந்தார்கள். ஐந்து வயதுக்குள் ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். வம்சம் பேச ஆரம்பிப்பது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான்.

இதில் உங்களை மட்டும் நொந்துகொள்ளாதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தது. இந்தியா முழுக்க 35.5 சதவீதம். அரிசி இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இது ஏன் என்று கேட்டால், அரிசி மட்டும் கிடைப்பதால் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு டம்ளர் வயிறு

என் மேஜையில் ஒரு சில்வர் டம்ளர் இருக்கிறது, 200 மில்லி பிடிக்கும். உங்களைப் போன்ற அம்மாக்கள் வரும்போது அதில் தண்ணீர் ஊற்றிக் காட்டுவேன். குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லிதான் கொள்ளும். 9 கிலோ குழந்தைக்கு 270 மில்லி. அதாவது இந்த டம்ளரும், இன்னும் ஒரு மூன்றில் ஒரு பங்கும். அவ்வளவுதான் இடம். அந்த இடத்தில் ஒரு நாளைக்கு 1,000 கலோரியை உள்ளே அனுப்ப வேண்டும்.

இப்போது நீங்கள் எழுதியதைப் படித்துப் பாருங்கள். காலை 7.45-க்குக் கம்பெனி வேன். அதற்குள் ஒரு டம்ளர் டீ, இரண்டு வர்க்கி. மதியம் ரசம் சாதம், “நல்லா குழைச்சு, தண்ணியா”. சாயங்காலம் மறுபடி டீ, பன். நீங்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து 9 மணிக்கு வந்து ஊட்டும்போது அவள் பாதித் தூக்கத்தில் நாலு வாய். வயிறு நான்கு தடவையும் நிறைந்திருக்கிறது, பொய்யில்லை. தண்ணீரால் நிறைந்திருக்கிறது. டீ இடத்தை அடைப்பதோடு நிற்காமல், சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் ஒட்டவிடாமல் செய்யும்.

மூத்தவன் நன்றாக இருப்பதற்கு ஊர்த் தண்ணீர் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவனுக்குப் பள்ளியில் காலையில் உப்புமாவோ பொங்கலோ, மதியம் சத்துணவு, வாரத்தில் ஐந்து நாள் முட்டை, ராத்திரி பாட்டி கையால் சோறு. நேரத்துக்குக் கெட்டியான சாப்பாடு கிடைக்கிறது. அவன் தங்கைக்குக் கிடைக்காதது அதுதான்.

எனவே முதல் வேலை, டீயை நிறுத்துங்கள். இரண்டு நாள் அழுவாள், மூன்றாம் நாள் மறந்துவிடுவாள். ரசத்துக்குப் பதில் பருப்பு. மசித்த பருப்பு சாதத்தில், கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதத்தில், ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசையச் சொல்லுங்கள். அந்த ஒரு டீஸ்பூன் 45 கலோரி, வயிற்றில் இடமே பிடிக்காது. இதற்குப் பாமாயில் போதும். பெரியவர்கள் நாள் முழுக்க அதில் வடை சுட்டுத் தின்றால் இதயத்துக்கு ஆகாது என்பது வேறு பேச்சு. எடை ஏற வேண்டிய குழந்தைக்கு அது மருந்து மாதிரி.

காலையில் வேன் வருவதற்குள் சமைக்க முடியாது, தெரியும். ஒரு முட்டை வேகப் பத்து நிமிடம், அதை நீங்கள் சேலை கட்டும் நேரத்தில் அடுப்பு பார்த்துக்கொள்ளும். ஒரு வாழைப்பழம், ஓர் இட்லி, பாதி முட்டை. மீதிப் பாதியை மதியத்துக்கு என்று தள்ளிப்போடாமல், உங்களால் முடிந்தால் முழுதையும் அப்போதே ஊட்டிவிடுங்கள். வறுத்த நிலக்கடலையை வெல்லத்தோடு பொடித்து ஒரு டப்பாவில் போட்டு அந்த அக்காவிடம் கொடுங்கள், சாயங்காலம் இரண்டு ஸ்பூன். முழுக் கடலை மட்டும் வேண்டவே வேண்டாம், இந்த வயதில் மூச்சுக்குழாயில் போய்விடும்.

அக்காவிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். “டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்” என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

1,850 ரூபாய் டப்பா

வாங்காதீர்கள். ஒரு முட்டை 7 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் காசுக்கு 260 முட்டை வரும். எட்டு மாதத்துக்கும் மேல் தினம் ஒன்று. ஒவ்வொன்றிலும் 6 கிராம் புரதம். பவுடரில் புரதம் இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதமே சுமார் 12 கிராம்தான், அதற்குத் தவணைக் கடன் தேவையில்லை. ஹார்லிக்ஸ், பூஸ்ட் ரகங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். “ஆரோக்கிய பானம்” என்று ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது என்று சொல்லி, அந்தப் பிரிவில் எந்தப் பானத்தையும் வைத்து விற்கக் கூடாது என்று ஆன்லைன் விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. பால் வாங்கக் காசு இருந்தால் பாலாகவே கொடுங்கள்.

பிளாஸ்டிக் அரிசி விஷயமும் இப்படித்தான், அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் பிழிந்தெடுத்த மணிகள். நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் ரேஷன் அரிசியில் கலந்தார்கள். களையும்போது சில மணிகள் மிதக்கும், நிறமும் சற்று வேறாக இருக்கும். முன்கூட்டியே சொல்லாமல் மூட்டையில் கலந்து கொடுத்தால் ஜனங்கள் பயப்படத்தான் செய்வார்கள், உங்கள்மேல் தப்பில்லை. ஆனால் நீங்கள் முறத்தில் வைத்துப் பொறுக்கி எறிவது, அந்த அரிசியிலேயே சத்தான பகுதியை. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தலசீமியா போன்ற ரத்த நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டு ஊரில், குழந்தை இங்கே

அங்கன்வாடிக்கு ரேஷன் கார்டு தேவையில்லை. சொந்த ஊராக இருக்க வேண்டியதும் இல்லை. குழந்தை எங்கே குடியிருக்கிறதோ அங்கே இருக்கும் மையத்தில் பதிவு செய்யலாம். குழந்தைக்கு ஆதார் இல்லாவிட்டால் உங்கள் ஆதார் போதும். 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடி உணவை உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. சாதாரணக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி, எடை குறைந்த குழந்தைக்கு 800 கலோரி. உங்கள் மகளுக்கு வேண்டியதில் முக்கால் பங்குக்கு மேல் அதிலேயே வந்துவிடும். “இல்லாதவங்களுக்குத்தானே” என்ற கூச்சத்தில் அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் பையன் பள்ளியில் சாப்பிடுவதற்குக் கூசினீர்களா?

மையத்தில் மதியச் சாப்பாடும், இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு வாரம் மூன்று முட்டையும் கிடைக்கும். அக்காவே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தால் அவருக்கும் பகலில் கொஞ்சம் ஓய்வு. சத்துமாவும் கேட்டு வாங்குங்கள். கர்ப்பமாக இருந்தபோது வாசனை பிடிக்காமல் ஆட்டுக்குப் போட்டதாக எழுதியிருந்தீர்கள், சிரித்துவிட்டேன். ஆடு கொடுத்து வைத்தது. பச்சையாகக் கரைத்தால் அந்த வாசனை வரும்தான். வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டு, வெந்நீர் தெளித்து உருண்டை பிடியுங்கள். வெல்லம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. சம்பள நாள் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தால் மூன்று நாளுக்கு ஆகும்.

சேர்க்க முடியாது என்று சொன்னால், மேற்பார்வையாளரிடமும், அதற்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு குறைதீர் அலுவலரும், மாநிலத்துக்கு ஓர் உணவு ஆணையமும் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் உங்களிடம் வந்த ஊழியரே கூப்பிட்டுவிட்டுத்தானே போயிருக்கிறார்? அவ்வளவு தூரம் போக வேண்டி வராது.

ரேஷனிலும் நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2020 அக்டோபரில் இருந்து தமிழ்நாட்டுக் கார்டுக்கு எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். கார்டில் பெயர் உள்ள ஒருவர் கைரேகை வைத்தால் போதும். மாமியாருக்கு ஊரில் அரிசி வேண்டும் என்பதால் தொடாமல் இருக்கிறீர்கள், புரிகிறது. அரிசியை அவர் அங்கே வாங்கட்டும். 30 ரூபாய்ப் பருப்பையும் 25 ரூபாய்ப் பாமாயிலையும் நீங்கள் இங்கே வாங்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். ஒரே கார்டுப் பொருளைப் பிரித்து வாங்க ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இடம் உண்டு. வெளியூர்க் கார்டு என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பினால் 1967-க்குப் போன் செய்யுங்கள். அவசரப்பட்டுப் பெயரை நீக்கித் தனிக் கார்டுக்குப் போட வேண்டாம். நீக்குவது சீக்கிரம் நடக்கும், புதுக் கார்டு வரும்வரை இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பீர்கள்.

வேலையை விடலாமா

இதை நான் தீர்மானிக்க முடியாது, என் கணக்கை மட்டும் சொல்கிறேன். உங்கள் சம்பளம் நின்றால் வீட்டில் முதலில் நிற்கப்போவது முட்டையும் பாலும்தான். ஊருக்குப் போனால் பாட்டி இருக்கிறார், அண்ணன் இருக்கிறான், அது பெரிய பலம். அதே நேரம் வருமானம் பாதியாகும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்து பாருங்கள்: மூன்று மாதத்துக்கு ஒன்றரை ஷிப்டைக் குறைத்து ஒரு ஷிப்டோடு வீட்டுக்கு வாருங்கள். ராத்திரி 7 மணிச் சாப்பாடு உங்கள் கையால் விழுந்தாலே நிறைய மாறும். உங்கள் கம்பெனியில் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிறார்கள் என்றால் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். நாளைக்கு நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் அம்மாவை விட வேண்டும், 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதி இது. கேட்டால் கெட்ட பெயர் வரும் என்ற பயம் நியாயமானது. தனியாகப் போகாமல், சின்னக் குழந்தை வைத்திருக்கும் நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் அன்றே மகளையும் கூட்டிப்போய் ரத்த அளவு பார்த்து, இரும்புச் சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் கேளுங்கள். இந்த வயதில் பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அப்புறம் மாதம் ஒரு தடவை, அதே தராசில், அதே மாதிரி லேசான உடுப்பில் எடை. முதல் மாதம் 200 கிராம் ஏறியிருந்தாலே சந்தோஷப்படுங்கள். உயரம் மெதுவாகத்தான் வரும், முழுவதும் எட்டிப்பிடிப்பாள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் இந்த வயதில் இன்னும் நேரம் இருக்கிறது. ஒழுங்காக ஊட்டியும் இரண்டு மாதம் எடை நகராவிட்டால், அல்லது குறைந்தால், அல்லது சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டால், அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அங்கே ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் இருந்தால் இரண்டு வாரம் தங்கிப் பார்க்கச் சொல்லலாம். பயப்படாமல் சேருங்கள், பணம் கிடையாது.

எடை எழுதும் அட்டையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவையுங்கள். உங்கள் கணவரின் பரிசோதனை முடிவையும் சேர்த்து.